செம்மண் வழியின் நான்கு பூக்கள்: சங்க மலர் அடையாள நூல்கள் மீது ஒரு விமர்சனம்

சங்க இலக்கியத்தில் வரும் மரம், செடி, கொடிகளுக்கு இன்றைய தாவரவியல் பெயர்களைப் பொருத்திக் காட்டும் நூல்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழில் ஒரு தனித்துறையாக வளர்ந்தன. பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' (1967), கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' (1987) ஆகிய இரண்டும் இத்துறையின் அடித்தளங்கள். பின்னால் வந்த அகராதிகளும் உரைகளும் பள்ளிப் பாடங்களும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே தங்கள் தாவரப் பெயர்களை எடுத்துக்கொண்டன. ஒரு பூவின் பெயர் எது என்ற கேள்வியை இந்நூல்கள் பெருமளவு தீர்த்துவைத்தன. அந்தப் பூ எந்த மண்ணில், எந்த மழைக்குப்பின், எந்த உயிரை நம்பி மலர்கிறது என்று பாட்டு சொல்லும் செய்தியை அவை கைவிட்டன. கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும்.

பட்டியலின் கவர்ச்சி

இத்துறையின் போக்கை முடிவுசெய்த பாட்டு கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் தலைவியும் தோழியும் சுனையாடிப் பறித்துப் பாறைமேல் குவித்த பூக்களாக 99 பெயர்கள் வருகின்றன. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தபோது முதலில் கிடைத்த ஏடுகளில் இப்பூவரிசையின் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்த கதையை அவர் 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். பெயர்கள் உதிர்ந்துபோகக்கூடியவை, தேடி மீட்க வேண்டியவை என்ற உணர்வு அன்றே உருவாகிவிட்டது. 99 பெயர்களுக்கும் 99 செடிகளைக் கண்டுபிடிப்பது அடுத்த நூற்றாண்டுத் தமிழறிஞர்களுக்கு ஒரு சவாலாகவே ஆனது. இன்றும் குறிஞ்சிப்பாட்டுப் பூக்களைப் படங்களோடு அச்சிட்ட சுவரொட்டிகளும் கையேடுகளும் வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் அந்தப் பட்டியல் ஒரு நிலத்தின் பதிவேடு ஆகாது. அதில் குறிஞ்சியும் காந்தளும் உண்டு. ஆம்பலும் தாமரையும் நெய்தலும் உண்டு. தாழையும் தில்லையும் அடும்பும் உண்டு. தில்லை, சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம். எக்ஸோகேரியா அகல்லோச்சா என்று தாவரவியலார் குறிப்பிடும் அது, கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பில் வளர்வது. இன்று பிச்சாவரத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையே சுரபுன்னையோடு கலந்து நிற்கிறது. கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் பாலை உடையது என்பதால் படகோட்டிகள் அதன் கிளையை ஒடிப்பதில்லை. மலைச்சுனையில் நீராடிய பெண்கள் அதன் பூவைப் பறித்துக் குவிக்க வழியே இல்லை. கலித்தொகையின் 133ஆம் பாட்டு தில்லையை முண்டகத்தோடு சேர்த்துக் கடற்கானலில் வைக்கிறது. அந்தப் புலவருக்கு இடம் தெரியும். கபிலருக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பு குறைவு. அவர் நோக்கம் வேறு. பல நிலத்துப் பெயர்களையும் ஒரே மூச்சில் அடுக்கிச் செழிப்பைக் காட்டுவதே அவர் செய்தது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்துப் பாட்டில் வரலாம், வந்தால் வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியமும் இதற்கு இடம் தருகிறது. புலவருக்குத் தரப்பட்ட அந்தச் சலுகையைத் தாவர ஆய்வாளரும் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். பட்டியல் ஆய்வின் மாதிரியாகிவிட்டது. ஒவ்வொரு பூவும் மற்றவற்றிலிருந்து பிரிந்து ஒரு பதிவு ஆயிற்று.

இரண்டு நூல்கள்

பி.எல். சாமி புதுச்சேரி அரசில் உயர் பொறுப்புகளில் இருந்தவர். ஒரு பூவுக்குப் பாடல்கள் தரும் அடைமொழிகளையும் உவமைகளையும் திரட்டுவது, உரையாசிரியர் சொல்வதோடு ஒப்பிடுவது, பின்னர் தாவரநூல்களின் வருணனையோடு பொருத்திப் பார்ப்பது என்பது அவருடைய முறை. உரையாசிரியர்கள் 'ஒரு மரம்', 'ஒருவகைப் பூ' என்று சொல்லிக் கடந்த இடங்களில் அவர் நின்று வாதிடுகிறார். புலவர்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள் என்ற நம்பிக்கை அவருடைய எழுத்தின் பலம். இலக்கியம் படித்தவர்கள் சங்கப் பாடலின் அடைமொழியை அணியாக மட்டும் கண்ட காலத்தில், அதைச் சான்றாக எடுத்துக்கொண்டவர் அவர்.

கு. சீநிவாசனின் நூலைத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒவ்வொரு தாவரத்துக்கும் சங்கப் பெயர், பிற்கால வழக்குப் பெயர், தாவரப் பெயர், குடும்பம் என்று தொடங்கி, பாடல்களில் அது வரும் இடங்களைச் சொல்லி, இறுதியில் இலை, மஞ்சரி, புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்த வட்டம், சூலக வட்டம் என்று முடிகிறது அதன் அமைப்பு. ஒரு தாவரவியல் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள தமிழ்நூல் அரிது. கலைச்சொற்களைத் தமிழில் தயங்காமல் கையாண்ட விதத்துக்காகவே அதைப் படிக்கலாம்.

குறை, இந்த அமைப்பிலேயே இருக்கிறது. சாமி பறவைகளுக்கு ஒரு நூலும் விலங்குகளுக்கு ஒரு நூலும் மீன்களுக்கு ஒரு நூலும் தனித்தனியாக எழுதினார். கொன்றை ஒரு நூலுக்குப் போயிற்று. அதன் பூவில் மொய்க்கும் வண்டு வேறு நூலுக்கு. இரண்டும் ஒரே அடியில் சேர்ந்து நின்ற பாட்டு இரண்டிலும் முழுதாக வரவில்லை. சீநிவாசனின் நூலில் சூலகத்தின் அறைகளுக்குக் கிடைக்கும் இடம், அந்தச் சூலகத்துக்குத் தாதைக் கொண்டுவரும் பூச்சிக்குக் கிடைப்பதில்லை. மலரின் பகுதிகள் அனைத்தும் விளக்கப்படுகின்றன. அந்த மலர் என்ன வேலை செய்கிறது என்பது விளக்கப்படுவதில்லை. பாட்டு செடியை அடையாளம் காணப் பயன்பட்டது. பிறகு செடியின் வாழ்க்கையைக் கொண்டு பாட்டை மீண்டும் படித்துப் பார்க்கும் இரண்டாவது வேலை நடக்கவில்லை.

கம்மாபுரத்தின் மண்

அந்த இரண்டாவது வேலைக்குக் குறிஞ்சிப்பாட்டைவிட நப்பூதனாரின் முல்லைப்பாட்டு ஏற்றது. 103 அடிகளே கொண்ட அப்பாட்டின் இறுதிப் பகுதியில், போர் முடித்துத் திரும்பும் அரசனின் வழி வருணிக்கப்படுகிறது. செம்மண் நிலத்து நெடுவழி; அதன் இருபுறமும் காயா, கொன்றை, கோடல், தோன்றி என்று நான்கு பூக்கள்; அதையடுத்து மழைபெற்று விளைந்த வரகு; அதில் துள்ளும் மான். நான்கே பூக்கள்தாம். ஆனால் மண்ணின் நிறம், மழை, பயிர், விலங்கு எல்லாம் உடன் நிற்கின்றன. 99 பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: இந்தச் செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாழ்பவை என்ற செய்தி.

கம்மாபுரம் விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கிலும் நெய்வேலிக்குத் தென்மேற்கிலும் அமைந்த ஒன்றியத் தலைமையிடம். வடக்கே போனால் நிலம் மேடாகிச் செம்மண் ஆகும். நிலவியலார் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் படிவின் மேற்பரப்பு அது. கம்பும் வரகும் விளைந்த அந்த மேட்டில் பின்னர் மல்லாட்டையும் முந்திரியும் வந்தன. தெற்கே இறங்கினால் வெள்ளாற்று வண்டல்; நெல்வயல். அங்கிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பரங்கிப்பேட்டை, கடல். முல்லையும் மருதமும் நெய்தலும் நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும் இடம் இது. ஊர்ப்பெயர்களே பூக்களால் ஆனவை: ஒருபக்கம் தில்லை, மறுபக்கம் பாதிரி மரத்தால் பெயர்பெற்ற திருப்பாதிரிப்புலியூர். நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகன் என்று அவர் பெயரோடு வரும் குறிப்பு சொல்கிறது. (கொன்றை பொன்னைச் சொரிவதாக அவர் கண்டதில் வியப்பில்லை.) வண்டல் நிலத்து நகரவாசி ஒருவர் செம்மண்ணைப் பார்க்க டெல்டாவை விட்டு வெளியேற வேண்டும். அவர் பார்த்தது தெற்கே புதுக்கோட்டைப் பக்கமா, வடக்கே வெள்ளாற்றைத் தாண்டிய இந்த மேடா என்று முடிவுசெய்யச் சான்று கிடையாது. ஆனால் அவர் சொன்ன மண்ணும் வரகும் பூவும் ஒன்றாகக் கிடைக்கக்கூடிய நிலங்களில் இதுவும் ஒன்று.

இந்த மேட்டு நிலத்தின் இயற்கைத் தாவரக்கூட்டத்தை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையாக இருந்த இக்காடு இன்று பெரும்பாலும் கோயிற்காடுகளில்தான் எஞ்சியிருக்கிறது. கடலூருக்கு அருகில் கெடிலக்கரைத் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் உள்ள காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவருடன் பணியாற்றியவரும் 1990களில் மரம் மரமாக எண்ணிப் பதிவுசெய்தனர். அங்கே மிகுந்து நிற்கும் மரங்களில் ஒன்று மெமிசைலான் அம்பெல்லேட்டம். அதாவது காயா. காசா, காசான், அஞ்சனி என்றும் சொல்வார்கள். முல்லைப்பாட்டு அதன் பூவுக்கு மையை உவமை சொல்கிறது; அஞ்சனி என்ற பெயரிலும் அதே மை இருக்கிறது. திருமாலின் நிறத்துக்கு உவமையாகப் பக்தி இலக்கியத்தில் ஆயிரம் முறை சொல்லப்பட்ட பூ இதுதான். ஆயினும் அதைக் கண்ணால் கண்ட தமிழ் வாசகர்கள் மிகக் குறைவு. அதே காடுகளில் காயாவோடு சேர்ந்து நிற்பது அடலான்ஷியா மோனோஃபில்லா, காட்டு எலுமிச்சை. சங்கப் பெயர் குருந்து. முல்லைத்திணைப் பாடல்களில் காயாவும் குருந்தும் கொன்றையும் பிடவமும் திரும்பத் திரும்ப அடுத்தடுத்து வருவது வாய்பாடு என்று எண்ணப்பட்டது. களக் கணக்கெடுப்பு அவற்றுள் இரண்டேனும் உண்மையிலேயே ஒரே காட்டுக்குரியவை என்று காட்டுகிறது.

இந்தச் செய்தி 1967இல் சாமிக்குக் கிடைத்திருக்க முடியாது. அவர் காலத்தில் காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூலே பெரிய துணை. திருச்சி ரபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மத்தேயு தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்த பெருநூல் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. குறை அவர்களுடையதாக இருந்ததைவிட, அவர்களுக்குப் பின் வந்து அவர்களை அப்படியே நகலெடுத்தவர்களுடையதாக இருக்கிறது.

கொன்றை எப்போது பூக்கிறது

கொன்றை கார்காலத்துப் பூ என்பது உரைமரபின் முடிவு. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். ஆனால் விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்தில் சரக்கொன்றை சித்திரை வெயிலில், இலை உதிர்ந்த கொம்புகளில் பூக்கிறது. கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் வைகாசி வரை நீளும். ஆவணியில் அதில் காய்கள்தாம் தொங்கும், எங்காவது ஒரு கிளையில் தப்பிப் பூத்த கொத்து தவிர. பொதுவாக அடையாள நூல்கள் இந்த முரணைத் தொடுவதில்லை. இலக்கிய வழக்கு என்று ஒருபுறமும் தாவர வருணனை என்று ஒருபுறமும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

முரண் இருப்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குக் குறுந்தொகையே சான்று. 66ஆம் பாட்டில் தோழி கொன்றையைத் திட்டுகிறாள். தலைவன் சொல்லிப்போன பருவம் இன்னும் வரவில்லை. பருவமல்லாத மழையைக் கார் என்று தவறாக நினைத்து இந்த முட்டாள் மரம் பூத்துவிட்டது என்கிறாள். 251ஆம் பாட்டில் அதே குற்றச்சாட்டு மயில்கள்மீதும் பிடவத்தின்மீதும். 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி கொன்றை பூத்த காட்டைப் பார்த்துவிட்டு, கானமே கார் வந்தது என்று சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள்.

இந்த மூன்று பாட்டுகளையும் உரையாசிரியர்கள் ஆற்றுவித்தல், ஆற்றியிருத்தல் என்ற துறைகளுக்குள் வைத்தார்கள். தோழி சொல்வது நயமான பொய், உண்மையில் கார் வந்துவிட்டது என்பதே வழக்கமான வாசிப்பு. கம்மாபுரத்துக் கொன்றையை வைத்துப் பார்த்தால் அந்த வாசிப்பு தலைகீழாகலாம். கொன்றை காருக்கு முந்திப் பூப்பது நடக்கக்கூடியது மட்டுமல்ல, அதுவே வழக்கம். தோழி சொல்வது உண்மை. அவள் குரலில் இருப்பது பொய்யின் தந்திரமா, ஒவ்வோராண்டும் இதைப் பார்த்த ஒருத்தியின் நிதானமா என்ற கேள்வி எழுகிறது. இரண்டுக்கும் இடையே பாட்டின் சுவை முற்றிலும் மாறுகிறது. தலைவியின் நம்பிக்கையும் அப்படியே: பேதைமையாகத் தோன்றிய அது, மண்ணை அறிந்தவளின் கணக்காகிறது. மேற்கே, தென்மேற்குப் பருவமழை பெறும் சேரநாட்டுச் சரிவுகளில் பூத்தலுக்கும் மழைக்கும் உள்ள இடைவெளி குறைவு. அங்கே இருந்து எழுதிய புலவருக்கு இந்த வேறுபாடு இவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது. எந்தப் பாட்டு எந்த நிலத்தின் மழையைப் பேசுகிறது என்று பார்க்கத் தொடங்கினால் அடையாள நூல் ஒரு விமர்சன நூலாகவும் மாறும். 'காசியா ஃபிஸ்டுலா' என்ற பெயரோடு நின்றுவிட்டால் அந்த வாசல் திறப்பதில்லை.

தேர்மணியின் நா

சங்க மலர்கள் குறித்த விவாதங்களில் போதிய இடம் பெறாத பாட்டு அகநானூற்றின் 4ஆம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. முல்லை அரும்பு விட, தேற்றாவும் கொன்றையும் கட்டவிழ, மழை பெய்த காட்டின்வழி தலைவன் தேரில் வருகிறான். பூக்களில் தாது உண்ணும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சி, தேர்மணிகளின் நாவைக் கட்டி ஒலிக்காமல் செய்து வருகிறான் என்கிறாள் தோழி. தலைவனின் அருள் உள்ளத்துக்கு எடுத்துக்காட்டாக இது எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டிருக்கிறது. அப்பாட்டில் பூவும் பூச்சியும் எப்படி இணைந்திருக்கின்றன என்பது பேசப்படவில்லை.

பாட்டு சொல்வது தாது. உரைகளிலும் சொற்பொழிவுகளிலும் அது எளிதாகத் தேன் ஆகிவிடுகிறது. கொன்றைப் பூவில் தேன் சுரப்பதில்லை. அதன் பத்து மகரந்தத்தாள்கள் மூன்று அளவில் இருக்கின்றன: நீண்டு வளைந்தவை மூன்று, நடுத்தரமானவை நான்கு, குட்டையானவை மூன்று. பூவுக்கு வரும் பெரிய கருவண்டு, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத்தேனீ, தாள்களைப் பற்றிக்கொண்டு இறகுத்தசையை அதிரவைத்துத் தாதை உதிர்க்கிறது. ஒரு பகுதி அதன் உணவு. நீண்ட தாள்களிலிருந்து உடலில் படிவது அடுத்த பூவுக்குப் போகிறது. ஆவாரையிலும் இதே ஏற்பாடு. அந்த வண்டின் அதிர்வு சற்றுத் தள்ளி நின்றாலும் காதில் விழும். தேர்மணியை அடக்கியவனுக்கு இந்த நுட்பம் தெரியும் என்று சொல்ல இடமில்லை. ஆனால் தேன் என்று சொல்லாமல் தாது என்று சொன்ன புலவர் பூவை உற்றுப் பார்த்திருக்கிறார். அந்தச் சொல்லை உரையில் மாற்றுவது ஒரு தகவல் பிழை.

இந்த உறவில் ஒன்று போனால் மற்றது நிற்காது. தச்சுத்தேனீக்குப் பட்ட மரமும் மூங்கிலும் வேண்டும். கொன்றையின் இளந்தளிரைத் தின்று வளரும் புழுவிலிருந்து வருவதைத்தான் இன்றைய பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் கொன்னை வெள்ளையன் என்று தமிழில் அழைக்கிறார்கள். குருந்தின் இலையில் நீல அழகி போன்ற பெரிய வால்பட்டாம்பூச்சி இனங்கள் முட்டையிடுகின்றன. காயாவின் கரும்பழத்தைக் கொண்டைக்குருவி விழுங்கி விதையை வேறு புதரடியில் போடுகிறது. முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடியைச் செதுக்கிவிடுவது வழக்கம். அப்படி விழும் விதை முளைத்தாலும் அந்த ஆண்டே போய்விடும். வேலியோரமும் ஏரிக்கரையும் ஐயனார் கோயில் காடும்தான் மிச்சம்.

கோடலும் தோன்றியும்

முல்லைப்பாட்டின் மற்ற இரண்டு பூக்களில் கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைச் செங்காந்தள் என்றும் கொள்வது மரபு. செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதன் இதழ்கள் மொட்டவிழும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் செல்லச் செல்லச் செம்மஞ்சளாகி முழுச் சிவப்பில் முடிகின்றன. ஒரே கொடியின் நுனியில் மஞ்சளும் கீழே சிவப்புமாகப் பார்க்கலாம். இரண்டு பெயர்கள் இரண்டு செடிகளைக் குறிக்கின்றன என்று எடுத்த எடுப்பில் கொள்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எனினும் கோடலுக்குச் சொல்லப்படும் வெண்மைக்கு இந்த மஞ்சள்பச்சை ஈடாகாது. எனவே கோடல் வேறொரு செடியாக இருக்கும் வாய்ப்பும் உண்டு. அடையாளம் முடிந்துவிட்டதாக எழுதப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. முடியவில்லை என்று எழுதுவதே சரி.

வயலும் கழியும்

கம்மாபுரத்துக்குத் தெற்கே பூக்கள் சிறியவை. தும்பை, சிறுபூளை, நெருஞ்சி, அறுவடை முடிந்த ஈரவயலில் கொட்டைக்கரந்தை. வீரர்கள் சூடியதாகப் புறத்திணைக்குப் பெயர் தந்த தும்பை, வரப்பில் முழங்கால் உயரம்கூட வராத செடி. களைக்கொல்லி அதைக் களை என்றே அறியும். ஏரிகளில் மாலையில் மலரும் ஆம்பலும் பகலில் மலரும் நீலநெய்தலும் ஆகாயத்தாமரையோடு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. நெய்தல் நிலத்தின் அடும்பு மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவதைச் சங்கப் பாடல்கள் தேர்ச்சக்கரம் அதன் கொடியை அறுத்துப்போகும் காட்சியாகவே அதிகம் காண்கின்றன.

பெயர்களின் இடமாற்றம்

செடி மறைந்தால் பெயர் சும்மா இருப்பதில்லை, வேறொன்றின்மேல் ஏறிக்கொள்கிறது. கொன்றையின் கதை இதற்கு நல்ல சான்று. வெளிநாட்டிலிருந்து வந்த அழகுமரங்களுக்கு மயில்கொன்றை, செம்மயிற்கொன்றை, மஞ்சள்கொன்றை என்று பெயர்கள் அமைந்தன. இவற்றுள் மஞ்சள்கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, வனத்துறை வெட்டி அகற்றும் அந்நியக் களையாகிவிட்டது. நாளிதழ் வாசகர் ஒருவர் இன்று கொன்றை என்ற சொல்லைச் சந்திப்பது பெரும்பாலும் அந்தச் செய்தியில்தான். விருத்தாசலத்தில் இன்னொரு முரண். பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி, இம்மண்ணுக்குரியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சீமைக்கருவேலம் கோயிலுக்கு வெளியே ஏரியையும் தரிசையும் ஓடைக்கரையையும் பிடித்துவிட்டது. வன்னி ஒரு மதிலுக்குள் தெய்வம். அதன் அயல்நாட்டு உறவு மதிலுக்கு வெளியே காடு.

செம்மண் மேட்டின் பெரும்பகுதி இப்போது வேறு கணக்கில் இருக்கிறது. நெய்வேலியில் 1957இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி அகழ்வு கம்மாபுரம் ஒன்றியத்தின் ஊர்களுக்கும் நீண்டது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின்மேல் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் தோண்டியபோது நாடே அதைப் பார்த்தது. நெல்லுக்குக் குரல் கொடுக்க உழவர் இருக்கிறார். இழப்பீட்டுக் கணக்கில் நெல்லுக்கு விலை உண்டு, முந்திரிக்கும் பலாவுக்கும் மரத்துக்கு இவ்வளவு என்று உண்டு. காயாவுக்கும் பிடவத்துக்கும் கணக்கில் பத்தியே கிடையாது. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தபோது கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் திரண்ட கூட்டத்தில் ஒரு பங்குகூட ஆண்டுதோறும் பூக்கும் காயாவைக் காண வந்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற அரிய செய்தி குறிஞ்சிக்கு இருக்கிறது. முல்லைக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

இந்த நிலையில் சாமியின் நூலையும் சீநிவாசனின் நூலையும் அப்படியே மறுபதிப்பு செய்வது போதாது. சாமியின் வாதங்களுக்கும் சீநிவாசனின் வருணனைகளுக்கும் கீழே, ஒவ்வொரு பூவும் இன்று எந்த ஊரின் எந்தக் காட்டில் நிற்கிறது, எந்த மாதம் பூக்கிறது, எந்த வண்டு வருகிறது என்ற குறிப்பு சேர வேண்டும். இதற்குப் பெரிய நிதியோ ஆய்வகமோ தேவையில்லை. விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் தமிழ் படிக்கும் மாணவர்கள் தாவரவியல் மாணவர்களோடு சேர்ந்து ஓராண்டு நடந்தால் போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குறுந்தொகையின் 66ஆம் பாட்டைப் பாடம் நடத்தும் ஆசிரியர் சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் மாணவர்களை ஒரே கொன்றை மரத்தடிக்கு அழைத்துப்போகலாம்.

காயா மெதுவாக வளரும் மரம். அதன் நாற்றைப் பொதுவான பண்ணைகளில் தேடினால் கிடைப்பது அரிது. ஆரோவில்லில் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கும் முயற்சியில் இவ்வகை மரங்களை விதையிலிருந்து வளர்த்து வருகிறார்கள். அந்த விதை எஞ்சிய கோயிற்காடுகளிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.